அடுத்த மாடல் வரட்டும்

நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு மனிதன் எத்தனை வருடம் செலவழிக்கலாம்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. 'ஆராய்ந்து வாங்குபவர்' என்று அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. ஆராய்வார். வாங்க மாட்டார்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். நீங்கள் ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பெட்டியைப் பிரித்து, திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை ஓரத்திலிருந்து நோகாமல் உரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். கைகளைக் கட்டிக்கொள்வார். "பரவாயில்ல" என்பார். நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம். அடுத்த மாடல் வருது" என்பார். உரித்த தாளை மறுபடி ஒட்டிவிடலாமா என்று இருக்கும் உங்களுக்கு.

நாம் பார்க்கப்போகிறவர் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை செய்பவர். பகல் முழுக்கக் கடைக்காரர்களின் தராசில் அரை கிராம் பிசகைப் பிடிக்கிற கண் அது. அலுவலகத்தில் அவருக்கு 'அடுத்த மாடல்' என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். பிறகு அதுவே முகத்துக்கு நேராக, மரியாதையோடு, 'அடுத்த மாடல் சார்' என்று வளர்ந்துவிட்டது. அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். சாகும்வரை கையில் வீடியோ கேமராவோடு திரிந்த மனிதர். விட்டுப்போனது முப்பத்தெட்டு டேப். அவற்றை நம்மவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். அதுவரை எல்லாம் சுமுகம். ஆனால் ஏற்றியவை ஒவ்வொன்றும் பூதாகாரமாக இருந்தன; அக்காவின் டிவி அவற்றைத் தொடவே மறுத்தது. சுருக்கித்தான் தர வேண்டும்.

"சுருக்கிக் குடுடா. அவ்வளவுதானே?" என்றாள் அக்கா.

அவ்வளவுதானா? கம்ப்யூட்டரின் பிராசசரை வைத்துச் சுருக்கினால் தரம் நிற்கும், நாள் ஓடிவிடும். தனியாக வாங்கி மாட்டும் கிராபிக்ஸ் கார்டை வைத்துச் சுருக்கினால் நாள் நிற்கும், தரம் ஓடிவிடும். இரண்டும் நிற்கும்படி ஒரு கார்டு வந்துகொண்டே இருந்தது. மார்ச்சில் வருவதாக இருந்தது செப்டம்பரில் வந்தது. செப்டம்பரில் வந்ததைவிட அடுத்த மார்ச்சில் வரப்போவது மேல் என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டது. நம்மவர் ஓர் அட்டவணை போட்டார். அது பக்கவாட்டில் வளர்ந்து, திரையைத் தாண்டி, இரண்டாவது திரை வாங்கலாமா என்கிற தனி ஆராய்ச்சிக்கு வழிவிட்டது.

"சார், டேப்பே மங்கல்தானே? இதுல போறதுக்குத் தரம் எங்க இருக்கு?" என்று அலுவலக டைப்பிஸ்ட் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"அதனாலதாம்மா. இருக்கறதே கொஞ்சம். அதையும் விட்டுடக் கூடாது."

பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள். இந்த இனத்தாரின் தனிச்சிறப்பே இதுதான்: அவர்கள் சொல்வதில் ஒரு வாக்கியத்தைக்கூடத் தப்பு என்று தள்ள முடியாது. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். முடிவெடுக்காதவன் தப்பான முடிவெடுத்ததே கிடையாது என்பது எவ்வளவு பெரிய சௌகரியம்!

சோதனைக்கென்று ஏழாவது டேப்பிலிருந்து இருபது நொடியை அவர் வெட்டி எடுத்து வைத்திருந்தார். ஒரு சின்னப் பெண் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயைத் தலைக்கு மேலே சுழற்றுகிறாள். பின்னால் இலைகள் ஆடுகின்றன. சிதறும் தண்ணீரையும் ஆடும் இலையையும் பிசகில்லாமல் சுருக்குவதுதான் எந்தக் கருவிக்கும் கஷ்டமாம். பதினோராம் நொடியில் ஒரு துளி நேராக லென்ஸில் வந்து விழும். அந்தத் துளி உருண்டையாகவே இருக்கிறதா, சதுரம் சதுரமாக உடைகிறதா என்று நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். நண்பர்கள், உறவினர்கள், எதிர்வீட்டுப் பல் மருத்துவர் என்று யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதல் நாளே போய் அந்த இருபது நொடியை அதில் சுருக்கிப் பார்த்துவிட்டு வருவார். அறுநூறு முறையாவது பார்த்திருப்பார். அந்தச் சின்னப் பெண் தன் அக்கா மகள் என்பது இரண்டாவது வருடம்தான் அவர் கவனத்துக்கு வந்தது.

"நல்லவேளை, எங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப இந்த அட்டவணை இல்ல" என்பாள் மனைவி, துவைத்த துணியை அவருடைய நாற்காலிமேலேயே மடித்து வைத்தபடி. "இருந்திருந்தா இன்னும் காத்துக்கிட்டு இருப்பாரு."

கடைசியில் அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் பச்சை விழுந்த ஒரு கார்டு வந்தேவிட்டது. ஆர்டரும் போட்டார். அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். பெட்டி வீடு வந்து ஆறு நாள் ஆயிற்று. பிரிக்கவில்லை. அதை ஓட்டுகிற மென்பொருளில் ஏதோ திருத்தம் பத்து நாளில் வருகிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மூட்டுவலியோடு மாடி ஏறி, துணியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதப் பாருக்கா, ஒண்ணு காட்டறேன். இது பிராசசர்ல பண்ணது. இது டாக்டர் வீட்டுக் கார்டுல பண்ணது. அந்தத் துளியப் பாரு. வித்தியாசம் தெரியுதா?"

அக்கா இரண்டையும் பார்த்தாள். "தெரியுது. ரெண்டுலயும் சத்தமே இல்ல."

"சோதனைதானேக்கா. சத்தத்துக்கு இதுல வேலை இல்ல. எடுத்துட்டா சீக்கிரம் முடியும்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேருந்தே."

அக்கா நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அவரைக் காட்டு" என்றாள்.

"அத்தான் இதுல இல்லியேக்கா."

"எதுலடா இருக்காரு? முப்பத்தெட்டுலயும் தேடு. படம் புடிச்சவரு படத்துல எப்படிடா வருவாரு?" குரல் உயரவில்லை. "அவரு பேசறதுதாண்டா இருக்கு. எனக்கு அது போதும். போன வாரம் கண்ண மூடிக்கிட்டு அவரு குரல நெனச்சுப் பாத்தேன். எங்க பக்கத்து வீட்டுக்காரரு குரல்ல பேசறாரு. அந்த ஆளுக்கும் இவருக்கும் என்னடா சம்பந்தம்?"

தரம் குறையாமல் காப்பாற்றுவதாகத்தான் நம்மவர் நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது டேப்பின் மூலத்தைத் தேடி எடுத்து, ஒலியைக் கூட்டி ஓடவிட்டார். குழாய் சுழன்றது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்பை அடக்க முடியாமல்: "ஏய், கேமரா நனையுதுடி!" பதினோராம் நொடி. துளி லென்ஸில் விழுந்தது. "சரி, கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்! நீ சுத்து, சுத்து, உங்கம்மா வர்றதுக்குள்ள!"

அக்கா திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "திருட்டுப் பய" என்றாள். "அன்னைக்குக் கேமரா எப்படி நனைஞ்சுதுன்னு கேட்டதுக்கு மழைன்னு சொன்னாரு."

மறுநாள் நம்மவர் அலுவலகத்துக்கு லீவு போட்டார். புதுக் கார்டை மாட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டும் முடிந்திருக்கும். அவர் அந்தப் பெட்டியை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டு, அம்மியில் அரைப்பதுபோல் சத்தம் போடும் பழைய கம்ப்யூட்டரிலேயே வேலையை ஆரம்பித்தார். மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொன்றும் முடிய முடிய, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். துளி எதையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் பென் டிரைவை அக்கா கையில் கொடுத்தார்.

"புதுசு எதுக்கு வாங்கினீங்க?" என்று மனைவி கேட்டாள். தட்டை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார். "கார்டு எப்படி சார்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி இன்றுவரை அலமாரிமேல்தான் இருக்கிறது, ஒட்டின நாடாகூடக் கிழியாமல்.

அவர் அதைப் பிரிக்காத காரணம் உங்களுக்குத் தெரியும் என்கிறீர்களா? இருக்கலாம். எதற்கும், உங்கள் அலமாரிமேல் என்ன இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு யாரைக் காக்க வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.