அஞ்சு கட்டை ஐயரும் காளிகாட் டிராமும்

கல்கத்தாவில் டிராமில் ஏறுவதற்காக நின்றவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். டிராம் கத்துவதைக் கேட்பதற்காகவே நின்ற மனிதர், எனக்குத் தெரிந்து, அஞ்சு கட்டை ஐயர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரியும். காளிகாட்டில் தென்னாட்டு குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய எங்கள் மெஸ்ஸில் அவர்தான் மூத்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய தகப்பனாரைப் பார்த்துக்கொண்டு அவர் மனைவி கும்பகோணத்தில் இருந்தாள். அவள் நன்றாகப் பாடுவாள். "அஞ்சு கட்டை சுருதி ஓய்! கம்பி மாதிரி நிக்கும்!" என்று சாதத்தில் ரசத்துக்குக் குழி பண்ணும்போதுகூடச் சொல்வார். லீவில் ஊருக்குப் போய் வருவார். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் யார் பாடுவார்கள்? அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஏங்கிப்போயிருந்தார் மனிதர்.

தகப்பனார் காலமானார். வருஷாப்திகம் முடிந்ததும் மனைவி கல்கத்தா வருவதாக ஏற்பாடு. உடனே ஐயர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிளாரினெட்டை வாங்கி வந்துவிட்டார். அவள் பாட, இவர் கூடவே வாசிக்க வேண்டுமாம். இள வயதில் வாசித்த பழக்கம் உண்டு.

ஏதோ பட்டாளத்து பாண்டில் உழைத்து ஓய்ந்த வாத்தியம் அது. உடம்பெல்லாம் விரிசல். துளைகளை மூடும் தோலைப் பூச்சி தின்றிருந்தது. விரிசலுக்குத் தேன்மெழுகு வைத்தார். தோலுக்கு என் புது பூட்ஸின் நாக்கை வெட்டிக்கொண்டார்.

"என்ன ஐயர்வாள் இது அநியாயம்?"

"பூட்ஸுக்கு நாக்கு எதுக்கு ஓய்? அது என்ன ரசமா சாப்பிடப் போறது?"

பெரிய சங்கடம் வேறு. வாய் வைக்கும் பாகத்துக்கும் குழலுக்கும் நடுவே இருக்கவேண்டிய சின்னக் கட்டை ஒன்றைக் காணோம். அது குட்டையானால் சுருதி ஏறும், நீண்டால் இறங்கும். எந்த அளவில் கடைவது?

மெஸ் ஆர்மோனியத்தில் அஞ்சு கட்டையை அழுத்திப் பார்த்தோம். அடுத்த வீட்டு பாபுவின் ஆர்மோனியத்திலும் பார்த்தோம். இரண்டும் பங்காளிகள்போல ஆளுக்கொன்று சொல்லின. "ரெண்டும் பொய். அவ குரல் எனக்குத் தெரியாதா?" என்று தள்ளிவிட்டார். தாம் சொன்னது தப்பென்று அவர் ஒப்புக்கொண்டு நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் கோயிலுக்குப் போகும் வழியில் டிராம் வளைவில் திரும்பிக் கிறீச்சிட்டது. ஐயர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அவளேதான் ஓய்!"

அதன்பின் டிராம்தான் எங்களுக்குச் சுருதிப் பெட்டி. பூரிக்கட்டை கடையும் மிஸ்திரி ஒருவன் கட்டை கடைந்து தருவான். ஐயர் வளைவில் நின்று, டிராம் கத்தும்போது கூடவே ஊதுவார். சேராது. திரும்ப மிஸ்திரியிடம் ஓடுவார். ஒரு நாள் இவர் ஊதியதை ஏதோ சைகை என்று நினைத்து டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டான்.

"உடுன் பாபு, உடுன்!" என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான்.

"நான் ஏறலைப்பா. நீ பின்னால போய் இன்னொரு தரம் திரும்பு!"

டிராமில் இருந்தவர்கள் வங்காள பாஷையில் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்கள். ஆனால் கடைசியில் சுருதி சேர்ந்தது. ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமி வந்தாள், தனிக் குடித்தனம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐயர் ஆதார சுருதியை ஊதினார். மாமி ஆரம்பித்தாள். குரல் கீழேயே நின்றது. ஏற்றிப் பார்த்தாள், உடைந்தது. மறுபடி முயன்றாள். நிறுத்திவிட்டாள்.

"ஏன்னா, முன்ன மாதிரி ஏறலை" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

நாங்கள் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"உன் குரலுக்கு என்ன? நீ சரியாத்தான் பாடறே. நான்தான் தப்பா கடையச் சொல்லிட்டேன்" என்றார். வாத்தியத்தைக் கீழே வைத்தார். "நீ பாடு. நான் கேக்கறேன்."

அவள் தணிந்த குரலில் பாடினாள். ஐயர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மிஸ்திரியிடம் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டார். "ஆபார், பாபு?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். மறுபடியுமா என்று அர்த்தம். "இந்தத் தரம் நீளமா!" என்று ஐயர் கையை அகட்டிக் காட்டினார்.

திரும்பும் வழியில் வளைவில் டிராம் வந்தது, வழக்கம்போலக் கத்தியது. நான் ஐயரைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"கேட்டீரா ஓய்? டிராம் சுருதி கெட்டுப் போச்சு."

"ஆமாம் ஐயர்வாள், ரொம்பக் கெட்டுப் போச்சு" என்றேன். அந்த மனிதருக்காக அந்த அபாண்டத்தை இன்றைக்கும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.