சனிக்கிழமைக் கதிரை

சுருவில்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்பும் பெருங்கோபமும் உடைய கனடாச் சித்தப்பாவுக்கு,

பெறாமகள் அனோஜினி குனிந்த தலையோடு எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்பதை, பூட்டிக் கிடந்த உங்கள் நண்டுக் கொட்டிலுக்குள் கமரா ஸ்பீக்கர் வழியாக நேற்று நீங்கள் போட்ட கூச்சலில் மிரண்டோடிய மாடுகள் மூலம் அறிந்துகொண்டோம்.

“இனிச் சனிக்கிழமையும் கொட்டில் திறக்கும். ஆளில்லாத நாளிலைதான் பேய் வருது” என்று இன்று காலை அம்மாவுக்குச் செய்தி போட்டிருக்கிறீர்கள். அந்தப் பேய் நான்தான் சித்தப்பா. முதலில் மற்றதைக் கேளுங்கள், பிறகு திட்டுங்கள்.

“ஒரு மாதம் சனியிலை பூட்டிப் பாப்பம், சம்பளம் குறையாது, உரிக்கிற நண்டுச் சதை குறைஞ்சால் பழையபடி ஆறு நாள்” என்று சொன்னது நீங்கள். சதை குறையவில்லை. ஓடு கலந்திருக்கிறது என்று கொழும்பிலிருந்து திரும்பி வரும் பெட்டிகள்தான் குறைந்திருக்கின்றன. ஊர் முழுக்கச் சனி விலக எள்ளெண்ணெய் எரிக்க, உங்கள் கொட்டில் பெண்களுக்கு மட்டும் சனியை நல்லாய்ப் பிடித்துவிட்டது. ஐஸில் கிடக்கும் நண்டை உரித்து உரித்து விரல் விறைத்துப்போன மேரிசுகந்தி அக்கா, ஞாயிறு பூசையில் செபமாலை கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பார். போன கிழமை என் காதுக்குள் சொன்னார்: “பிள்ளை, இப்ப மணி தெரியுதடி. ஒண்டொண்டாத் தெரியுது.” அந்த மணியை அவரிடமிருந்து பறிக்கப் போகிறீர்களா?

இனிப் பேய்க் கதை. போன சனிக்கிழமை அம்மாவின் அலுமாரியிலிருந்து கொட்டில் பூட்டின் திறப்பை எடுத்தேன். லீவு நாளிலும், அங்கே நடுச்சாமத்திலும், கண் மூடாமல் கமரா பார்க்கிற மனிசனுக்கு ஒரு காட்சி கொடுக்காவிட்டால் பாவம் அல்லவா? வெள்ளை அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டு, சிவக்கொழுந்து அக்கா செத்த பிறகு ஒருவரும் இருக்காத கடைசிக் கதிரையில், கமராவுக்கு முதுகு காட்டி இருந்து வெறும் தட்டில் நண்டு உரித்தேன். பின்னேரம் அன்றைய வேலை போதும் என்று அவர் கத்திப் பிடியால் மேசையில் தட்டி, “காணும் பிள்ளையள், எழும்புங்கோ” என்பாரே, அதை மட்டும் செய்யக் கை வரவில்லை. நீங்கள் “ஆரது? ஆரது?” என்று ஸ்பீக்கரில் கத்த, காவல்காரப் பாலசிங்கம் அண்ணை பட்டப்பகலில் ரோச் லைற்றோடு ஓடிவந்து என்னைக் கண்டு, “சிவக்கொழுந்து, உன்ரை சோத்துப்பெட்டியை நான் தொடேல்லை!” என்று அழுதபடி பின்பக்கமாய்ப் போய் ஐஸ் பெட்டிக்குள் விழ, தூக்கப் போன என்னைக் கிட்டவாகப் பார்த்து மயங்க, திங்கட்கிழமைக்கு நண்டு கொண்டுவந்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணை மாதா கோயில் தீர்த்தம் தெளிக்க, முழித்த மனிசன் வைரவருக்கு நேர்ந்து வாசலிலை தேசிக்காய் கட்ட, “என்ரை தண்ணிதான் பேயைத் துரத்தினது”, “போங்காணும், என்ரை தேசிக்காய்!” எண்டு ரெண்டு பேரும் கொழுவுப்பட, நான் யன்னலாலை பாய்ஞ்சு வீட்டை போய்க் குசினியிலை நல்லபிள்ளையாய் வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தனான்.

நேற்றும் நான்தான். அதே அங்கி, அதே கதிரை. பேயுமில்லை, பிசாசுமில்லை. என்ரை காதை முறுக்குங்கோ, பிறந்தநாளுக்குத் தாறன் எண்ட போனை வெட்டுங்கோ. சனிக்கிழமையை மட்டும் வெட்டாதேங்கோ.

சித்திக்கு வணக்கம், தம்பிமாருக்கு முத்தம். வைரவரும் மாதாவும் தங்களுக்குள் கொழுவுப்படாமல் உங்களுக்கு நல்ல நித்திரையைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள பேய்,
அனோஜினி.

பி.கு.: இதைப் படமெடுத்து அனுப்ப அம்மாவின்ரை போனை எடுத்தால், நீங்கள் அனுப்பின நேற்றைய வீடியோ கிடக்கு. சித்தப்பா, போன சனிக்கிழமை நான். நேற்று நானில்லை. நேற்று நான் அம்மாவோடை யாழ்ப்பாணத்திலை பல்லுப் பிடுங்கப் போனனான். திறப்பு அம்மாவின்ரை கைப்பைக்குள்ளை. சனிக்கிழமை லீவு பறிபோகக்கூடாதெண்டுதான் நேற்றைய பழியையும் ஏற்றனான்.

வீடியோவிலை இருக்கிற ஆள் இடக்கையாலை உரிக்குது. நான் வலக்கை. சிவக்கொழுந்து அக்கா இடக்கை. உங்களுக்குத் தெரிஞ்சிராது, நீங்கள் தட்டைத்தானே பாக்கிறனீங்கள். அண்டைக்கு அவா நெஞ்சு நோகுது, வீட்டை போகட்டோ எண்டு கேக்க, “இந்தத் தட்டு முடியட்டும்” எண்டு ஸ்பீக்கரிலை சொன்னனீங்கள். முடிய முதல் மேசையிலை தலையை வைச்சிட்டா. அண்டைக்கு ஒருத்தரும் மேசையிலை தட்டேல்லை.

இப்ப கொட்டில் வாசலிலை நிக்கிறன். பூட்டு பூட்டினபடி. உள்ளுக்கை நண்டு ஓடு உடையிற சத்தம் கேக்குது. ஸ்பீக்கரைப் போட்டு, கத்தாமல், “காணும், எழும்பு” எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. கதவாலை நான் சொல்லிப் பாத்திட்டன், அவா எழும்புறா இல்லை. உங்கடை சொல்லுக்குத்தானே இருந்தவா.