அறுபதுக்கு அறுபது

“என் பங்கை அளந்து குடு.”

இதை மட்டும் அண்ணனிடம் கேட்டுவிடாதே என்று அம்மா பாப்பம்மாள் மூன்று நாளாகச் சொல்லியிருந்தாள். எழிலரசி காலையில் முதல் வேலையாக இதைத்தான் கேட்டாள். பெண்ணுக்கும் பங்கு உண்டென்று சட்டம் வந்து இரண்டு வருஷம். பிள்ளைப்பாக்கத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் பங்கு கேட்டதில்லை.

“கட்டிக்குடுத்தா போற பொண்ணுக்கு நெலம் எதுக்கு?” என்றான் ஜீவானந்தம்.

“நிக்கறதுக்கு. ரோட்டோரக் கழனில அறுபதுக்கு அறுபது, சதுரமா.”

கூலியாள் தசரதன் கழனியின் ரோட்டோர மூலையில் தொடங்கி நாலு முளை அடித்து, இருநூற்று நாற்பது அடிக் கயிற்றைச் சுற்றினான். கிணறு சதுரத்துக்குள் விழுந்தது.

“கிணறு என்னுது.” ஜீவானந்தம் பின்முளைகளை ரோட்டுப்பக்கம் பத்தடி தள்ளினான். மிஞ்சிய கயிற்றை ரோட்டோரமாகப் பத்தடி நீட்டினான். “எழுபதுக்கு அம்பது. அதே கயிறு, அதே நெலம்.”

“நூறு சதுர அடி கொறையுது.”

“எப்டி?”

குச்சியால் மண்ணில் கீறினாள். “அறுபதை எக்ஸ்னு வெச்சுக்கோ. எக்ஸ் கூட்டல் பத்து, எக்ஸ் கழித்தல் பத்து, ரெண்டையும் பெருக்கு. மொதல்ல எக்ஸ் ஸ்கொயர். நடுவுல பத்து எக்ஸ் வருது, பத்து எக்ஸ் போவுது. சைபர்.”

“சைபர்னா நட்டம் இல்லன்னுதானே?”

“நடுவுலதான் சைபர். கடைசில மைனஸ் நூறு நிக்குது பாரு!”

“அண்ணன்கிட்டயே மைனஸா?” என்றாள் அம்மா.

அண்ணனுக்கு ரோஷம் வந்தது. “தசரதா, இன்னும் பத்தடி நீட்டுடா!”

கயிறு நீண்டது. உள்பக்கம் தானாக ஒடுங்கியது. எண்பதுக்கு நாற்பது.

“இப்ப மைனஸ் நானூறு.”

“குடுக்கக் குடுக்கக் கொறையுதுன்ற. இன்னா படிப்பு படிச்ச நீ? நீட்டுடா!”

தொண்ணூறுக்கு முப்பது.

“தொள்ளாயிரம்.”

“நூறுக்கு இருபது! கழனியோட அந்த மொனையே வந்துடுச்சி. இதுக்கு மேல நீட்ட எடமில்ல,” என்றான் அண்ணன்.

“ஆயிரத்து அறுநூறு போச்சு.”

“வாணாம்னா வுட்டுட்டுப் போ.”

“வாணாம்னு யாரு சொன்னா?”

பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தாள். எல்லாம் எழுதியிருந்தது, அளவு மட்டும் காலி. நிரப்பினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அம்மா கைநாட்டு வைத்தாள். தசரதன் சாட்சி.

எழிலரசி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பி.எஸ்ஸி. கணக்காம்! ஆயிரத்து அறுநூறு அடி வுட்டுட்டுப் போறா,” என்றான் ஜீவானந்தம்.

தசரதன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கழனியைச் சுற்றிப் பார்த்தான்.

“அண்ணே, ரோட்டோரம் மொத்தமும் தங்கச்சிக்குப் போயிடுச்சு. மத்த மூணு பக்கமும் ஊரான் கழனி. இனிமே நாம எந்த வழியா உள்ள போறது?”