பிழை திருத்தம் மட்டும் போதும்

என் நாவலில் யாரையும் கைவைக்க விடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். எடுத்த கையோடு மனைவியைக் கூப்பிட்டு அறிவித்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு. அதைக் கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்க்கும் உரிமை அவளுக்கு. அன்றைக்கு அவள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

நான் தராசுக்கு முத்திரை போடுகிறவன். அரசாங்க வேலை. கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பறிமுதல். நான் தெருமுனையில் திரும்பினாலே காய்கறிக் கடைக்காரர்கள் எடைக்கற்களை மாற்றி வைக்க ஆரம்பிப்பார்கள். ஊரார் எடையை எல்லாம் சரிபார்க்கிற என்னுடைய எழுத்தை இன்னொருவர் நிறுத்துப் பார்ப்பதாவது? இதில் கர்வம் ஒன்றும் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நாவலை அலுவலகத்தில், மதிய இடைவேளைகளில், பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் எழுதினேன். கதாநாயகனும் தராசுக்கு முத்திரை போடுகிறவன்தான். ஆனால் அது நான் இல்லை. அவன் உயரமானவன். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் மனைவி இறந்துபோகிறாள். இதிலும் உள்நோக்கம் எதுவும் கிடையாது. மனைவி உயிரோடு இருந்தால் ஒருவன் தனிமையில் எப்படி வாடுவான்? வாடுவதற்கு அவள் நேரமே கொடுக்க மாட்டாளே.

பதிப்பாளர் ஒருவர் கிடைத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நல்ல எடிட்டர் ஒருவர் படித்துவிட்டு, அச்சுக்குத் தயார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஆண்டே புத்தகம். சொல்லாவிட்டால் அடுத்த பிறவியில் பார்க்கலாம் என்றார். நான் அதற்குள் அலுவலகத்தில் அத்தனை பேரிடமும் புத்தகம் வருகிறது என்று சொல்லியிருந்தேன். மேலதிகாரி, வெளியீட்டு விழாவில் பேச உரையே தயாரிக்க ஆரம்பித்துவிட்டார். இனி புத்தகம் வராவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த மாடிப்படி ஏறுவது?

எடிட்டர் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே கதவைத் திறந்தார். கீழே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, எடிட்டிங்கில் மூன்று வகை உண்டு என்று எனக்கு விளக்கினார். முதலாவது, கதையைப் பார்ப்பது. யார் வர வேண்டும், யார் போக வேண்டும், எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் வரும். இரண்டாவது, மொழியைப் பார்ப்பது. வாக்கியம் வாக்கியமாகச் செதுக்குவார்கள். மூன்றாவது, பிழை திருத்தம். எழுத்துப் பிழை, கால் புள்ளி, ஒரு பக்கத்தில் மூக்குத்தி போட்டிருந்தவள் அடுத்த பக்கத்தில் போடாமல் வருவது, இப்படிப்பட்டவை.

“எனக்கு மூணாவது போதும்” என்றேன்.

“அத நீங்க சொல்ல முடியாதுங்க. நான் படிச்சுப் பாத்துதான் சொல்லணும். கதை சரியில்லாதப்ப கால் புள்ளியத் திருத்தி என்ன பண்றது? இடியப்போற செவுத்துக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா?”

“என் செவுரு இடியாது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மொதல்ல டைப் அடிச்சுக் கொண்டாங்க” என்றார். நான் நீட்டிய கையெழுத்துப் பிரதியை, மருத்துவர்கள் அழுக்குக் கட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மனைவி தண்ணீர் வாரியத்தில் புகார் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்கத் தொலைபேசியில் அடுத்தவர் கதையைக் கேட்பதுதான் வேலை. மனிதர்கள் மாமியார் சண்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: எப்போதிலிருந்து தண்ணீர் வரவில்லை? அதே காதோடுதான் என் நாவலையும் படித்திருந்தாள் என்பது, நான் எடிட்டர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று தெரிந்தது.

“ஏங்க, நீங்க மொத வகைக்கே குடுத்துருங்களேன்.”

“ஏன், கதைக்கு என்ன கொறச்சல்?”

“நாப்பதாம் பக்கம் வரைக்கும் வருது. அதுக்கப்பறம் சொட்டு இல்ல.”

“அதுக்கப்பறம்தான் அவன் தனிமையில வாடுறான்.”

“இருநூறு பக்கமா ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறான். அந்த ஜன்னல்லயாவது ஏதாவது நடக்குமான்னு பாத்தேன். அதுவும் இல்ல. அந்தப் பொண்ண வேற ரெண்டே வரியில சாகடிச்சிட்டீங்க. ஜுரமாம். எத்தன டிகிரின்னுகூடப் போடல. அந்த வீட்டுல நடமாடிட்டு இருந்தது அவ ஒருத்திதான். அவளப் போட்டுத் தள்ளிட்டா அப்பறம் யாரு கதைய நடத்துவா?”

இலக்கியம் என்பது புகார் பிரிவு அல்ல என்று எடுத்துச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, “சரி, விடுங்க. டைப் நான் அடிச்சுத் தர்றேன்” என்றாள். எனக்கு ஒற்றை விரலால் தட்டத்தான் வரும். அந்த விரலை நம்பினால் என் பேரன்தான் வெளியீட்டு விழாவுக்குப் போக வேண்டியிருக்கும். இருந்தாலும் நான் ஏமாளி இல்லை. கதையைத் தொடக் கூடாது என்று சத்தியம் கேட்டேன்.

“உங்க கதைய நான் ஏங்க தொடப்போறேன்?” என்றாள். உலகத்தில் இதைவிடச் சாதுவான முகத்தை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு தினமும் சாப்பாட்டுக்கடை முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். நான் நாற்காலியில் சாய்ந்து அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் சொற்கள் மழைபோலக் கொட்டுகின்றன என்று பெருமையாக இருக்கும். சில சமயம் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். என் எழுத்து அவளை உருக்கிவிட்டது என்று எனக்கும் நெஞ்சு நெகிழும். ஒருநாள் சத்தமாகச் சிரித்தாள். அது மட்டும் புரியவில்லை. நாவலில் நகைச்சுவைக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

முடித்துக் கையில் கொடுக்கும்போது, “ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டுக் குடுங்களேன்” என்றாள். அதை எடிட்டரிடம் கொடுக்கப் புறப்படும்போதும் வாசல் வரை வந்து சொன்னாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, முத்திரை போட்ட கல்லை நான் மறுபடி நிறுப்பதில்லை என்றேன். என் வேலையில் இது கொள்கை. எழுதியதைத் திரும்பிப் படிக்கிறவனுக்குத் தன் எழுத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். எனக்கு நம்பிக்கை இருந்தது.

எடிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஒரு மளிகைக் கடையில் தராசைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

“நான் உங்களத் தப்பா எடை போட்டுட்டேன் சார். கதையில கைவைக்க எனக்கு எதுவுமே இல்ல. மொழியும் நல்லாருக்கு. நீங்க சொன்ன மாதிரி பிழை திருத்தம் மட்டும் போதும். பதிப்பாளர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“நான்தான் அப்பவே சொன்னேனே.”

“தேவையில்லாத ஆள மூணாவது அத்தியாயத்துலயே எடுத்தீங்க பாருங்க. கதைக்கு அதுதான் உயிர். எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் வராது.”

மகிழ்ச்சியில் அந்த மளிகைக் கடைக்காரரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். தேவையில்லாத ஆள் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். என்னதான் படித்த பெண்ணாக இருந்தாலும் இனிமேல் இலக்கிய விஷயத்தில் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்லாதே என்று பெருந்தன்மையாக அறிவுரையும் கூறினேன்.

“அப்படியா சொன்னாங்க?” என்றாள். உரித்துக்கொண்டிருந்த பட்டாணியை விட்டு நிமிரவில்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. தோல்வியை இவ்வளவு அழகாக ஏற்றுக்கொள்கிறாளே என்று அவள் மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

அடுத்த வாரம் எடிட்டர் மறுபடி கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டதாம். ஒரே ஒரு சந்தேகம், அதைத் தீர்த்துவிட்டால் அன்றைக்கே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார். கேளுங்கள் என்றேன்.

“புருஷன் செத்ததுக்கப்பறம் அந்தம்மா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க இல்லையா? ஒன்பதாம் அத்தியாயத்துல பச்சைன்னு இருக்கு. பதினாலுல நீலம்னு இருக்கு. எது சரி?”

“எந்தப் புருஷன்?”

“முத்திரை போடுற ஆளுதான் சார். மூணாவது அத்தியாயத்துல போறாரே.”

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். எடிட்டர் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பியனுப்பிய கட்டு மேசைமேல் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் நாவலைப் படிக்க உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் அவனுக்கு ஜுரம் வருகிறது. நூற்று மூன்று டிகிரி. அவன் சாவதற்கு நான் கொடுத்ததுபோல இரண்டு வரி இல்லை, முழுதாகப் பதினோரு பக்கம். மனைவி கஞ்சி ஊட்டுகிறாள். அவன் அந்த நிலையிலும் அளவுக் கரண்டி முத்திரை உள்ளதுதானா என்று கேட்கிறான். அந்த இடத்தில் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் அவன் போய்விட்டான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு அவள் தனியாக வீட்டை நடத்துகிறாள், கடைக்காரர்களோடு சண்டை போடுகிறாள், நீச்சல் கற்றுக்கொள்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல வருகிறது. கடைசிப் பக்கம் வந்தபோது அவளைப் பிரிய எனக்கு மனமில்லை. கூடவே பொறாமையாகவும் இருந்தது. அந்த வீட்டில் நான் இல்லாததை யாருமே பெரிதாக உணரவில்லை.

மனைவி வேலையிலிருந்து வரும்வரை கோபத்தைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.

“கதையத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே.”

“தொடலைங்க. உங்களுது அப்படியே அலமாரியில இருக்கு. ஒரு காகிதம்கூடக் கசங்கல. இது நான் எழுதினது.” கைப்பையை மாட்டிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “படிச்சுப் பாருங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன்.”

“என்னைக் கொன்னுட்ட.”

“அது நீங்க இல்லைங்க. அவரு உயரம்.”

அவளே மெதுவாகத் தொடர்ந்தாள். அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது, அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. நான் விரும்பினால் என் சுற்றறிக்கைக் கட்டை இன்றைக்கே எடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவர் முதல் வகையிலிருந்து ஆரம்பிப்பார். ஜன்னலை என்ன செய்வது என்று கேட்பார். பதிப்பாளர் அடுத்த பிறவியில் பார்க்கலாம் என்பார். மேலதிகாரியின் உரையை என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லையாம். இதையெல்லாம் புகார் எண் சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, “இப்ப பிரச்சன என்ன, அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

எனக்குத் தெரிந்த அத்தனை பிரச்சினைகளையும் ஒரு சுற்று யோசித்துப் பார்த்தேன். அச்சுக்குப் போகத் தடையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பச்சையா, நீலமா?”

“பச்சைங்க. நீலம்னு அடிச்சது என் தப்பு.”

தொலைபேசியை எடுத்து, நான் செத்தபிறகு வீட்டுக்கு அடித்த பெயின்ட் பச்சைதான் என்று எடிட்டரிடம் உறுதிசெய்தேன்.