கப்டன் அல்பேட்டுஸ் மூன்று நாள் தங்கியது

பள்ளிமுனை, மன்னார்.
14 மாசி 2016

என் அன்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அல்பிரட் அத்தான் அவர்கட்கு,

மடு மாதாவின் காவலில் நாங்கள் இங்கே சுகம். நீர்கொழும்பில் நீங்களும் அருள்நாயகி அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருபது நிமிடம் மூச்சு விடாமல் நீங்கள் என்னைத் திட்டியதில், உங்கள் நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். அந்த இருபது நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது "ஓம் அத்தான்" என்ற இரண்டு சொற்கள்தான். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். தயவுசெய்து நடுவில் நிறுத்தாமல் வாசிக்கவும்.

நான் அரசாங்கக் கந்தோர் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது பிழை என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறீர்கள். "பென்சன் உள்ள வேலையை விட்டிட்டு ஆராவது பேப்பர் திருத்தப் போவினமோ?" என்று நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. பிரதம லிகிதராக இளைப்பாறிய நீங்கள்தான் பத்துப் பேரிடம் சொல்லி என்னை மாவட்டக் கந்தோருக்குள் நுழைத்தீர்கள். அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனால் அத்தான், கந்தோரில் வரலாறு என்றால் ஒரு பக்கம். பல்கலைக்கழகத்தில் வரலாறு என்றால் உண்மை. இந்த வித்தியாசத்துக்காகத்தான் வந்தேன், வந்ததில் எனக்கு ஒரு துளி மனவருத்தமும் இல்லை. தொடக்கத்தில் சில சறுக்கல்கள் இருந்தன, மறைக்கவில்லை. முதல் விரிவுரையை "தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்" என்று முடித்தேன். விடைத்தாள்களில் புள்ளி போடாமல் "பார்வையிட்டேன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பத்து மணிக்குத் தேநீர் வரவில்லை என்று வகுப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவையெல்லாம் கந்தோரில் பிடித்த பழக்கங்கள், மெல்ல மெல்லப் போய்விட்டன. போகாதது ஒன்றே ஒன்று, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அது 2010ஆம் ஆண்டு நடந்தது. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். விடத்தல்தீவுக்கு அங்கால் கண்டல்முனை என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கத்தைய நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருபது வருடம் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்துவிட்டு வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஊருக்குப் போவதென்றால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் ஏழாவது கூடு: "ஊரின் பழமைக்கான சான்று." அது வெறுமையாக இருந்தால் படிவம் திரும்பி வரும், படிவம் திரும்பினால் சனமும் பாயிலேயே கிடக்கும். கண்டல்முனையின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாமே விடத்தல்தீவுப் பேரில்தான் பதியப்பட்டிருந்தன. ஊரின் தனிப்பெயர் எழுதிய ஒரு கடதாசித் துண்டு எங்கள் கந்தோரில் இல்லை. எங்கள் மேலதிகாரியான பெரியவர் வந்து, "அருளப்பன், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுத் தாரும்" என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

அத்தான், அரை மணித்தியாலத்தில் எழுதினேன். "1746ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்டன் அல்பேட்டுஸ் என்பவர் கண்டல்முனைக்கு வந்து மூன்று நாள் தங்கினார். அப்பொழுது அங்கே பதினாறு குடிகள் இருந்தன. அவர் நண்டுக்கறி உண்டு, உப்புக் குறைவு என்று முறைப்பட்டு, பின்னர் மத்தியானம் நித்திரை கொண்டார்." இந்தக் கப்டனை எங்கே பிடித்தேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். என் கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் நின்று நீங்கள் செய்தது இதுதானே? பெயரைக்கூட அதிகம் மாற்றவில்லை. அவசரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லை, மன்னிக்கவேண்டும். பெரியவர் வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு. எத்தனை நண்டு எண்டு போடேல்லையோ?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம் சனம் ஊருக்குப் போனது. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதாவது, இனிமேல் சொல்லமாட்டேன்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன வருடம் ஒரு புதுக் குழுவை அமைத்தார்கள். கரையோரத்துக் கண்டல் காட்டுக்குள் இருக்கும் ஊர்களில் எது உண்மையிலேயே பழைய ஊர் என்று பார்க்கும் குழு. பழையதென்றால் ஊர் இருக்கும், இல்லையென்றால் காடு இருக்கும், சனம் வேறு இடத்துக்குப் போகவேண்டும். குழு கல்விமான்களின் கருத்தைக் கேட்டது. எங்கள் பீடாதிபதி கண்டல்முனைப் படிவங்கள் கட்டிய கோவையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இது உங்கட பக்கம்தானே? பக்கச்சார்பில்லாமப் பாருங்கோ" என்றார். திறந்தால் முதல் பக்கத்தில் நீங்கள் நித்திரை கொள்கிறீர்கள்.

அரச ஆவணத்தில் எழுதியவன் பெயர் இராது, கையெழுத்து வைத்தவர் பெயர்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, வாய் திறக்கவே மாட்டாத பெரியவரை விட்டால், உலகத்தில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். வாயைத் திறக்காமல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு களஆய்வுக்குப் போனேன். மீனவர் சங்கத் தலைவர் சீவரத்தினம் எங்களை ஒரு கல்லடிக்குக் கூட்டிப்போனார். "சேர், இந்தக் கல்லிலதான் கப்டன் படுத்தவர்" என்றார். "ஆர் சொன்னது?" என்றேன். "பரம்பரை பரம்பரையாச் சொல்லிவாறது. வாயைத் திறந்துகொண்டு படுத்தவராம். குறட்டைச் சத்தத்துக்கு மூண்டு நாள் கரையில நண்டே ஏறேல்லையாம்." அத்தான், குறட்டையை நான் எழுதவே இல்லை! அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள், அன்றைக்குத் தொடங்கித்தான் கண்டல்முனைக் கறியில் உப்புக் கூட என்றார்கள். ஆறு வருடத்துக்கு முந்திப் படிவம் வந்தபோது கிராம உத்தியோகத்தர் அதை உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. மாணவர்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள்.

மறிச்சுக்கட்டியிலிருந்து வரும் ஹமீதா என்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி. இரண்டு மாதம் ஒல்லாந்தர் காலத்துப் பட்டியல்களையெல்லாம் துருவிவிட்டு என் அறைக்கு வந்தாள். "சேர், இப்பிடி ஒரு கப்டன் இல்லவே இல்லை. ஆரோ கந்தோரில இருந்துகொண்டு எழுதியிருக்கிறார். வரலாறு சுத்தமாத் தெரியாத ஆள்" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "ஆனா நண்டுக்கறி தெரிஞ்ச ஆள்" என்றாள். நான் கதிரையில் இருந்து எழும்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது அத்தான். அவள் என் மாணவி. உண்மையைத் தேடு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். திரும்பி நின்று, "அந்த ஆள் நான்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அந்தச் சனத்துக்கு வேற சான்று தேடுவம் சேர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திராது.

அடுத்த நாளே ஹமீதாவையும் கூட்டிக்கொண்டு கண்டல்முனைக்குப் போய், சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டி, கப்டன் பொய், எழுதியவன் நான் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. சீவரத்தினம் என்னை ஆறுதற்படுத்தினார். "நீங்கள் எழுதினா என்ன சேர்? நடந்ததைத்தானே எழுதினனீங்கள்" என்றார். நான் சத்தியம் பண்ணினேன். "படிச்ச ஆக்களுக்கு வயசு போகப் போக இப்பிடித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த மேரி ரோஸ் என்ற அம்மா எழும்பினார். எழுபது வயதிருக்கும். "அப்ப எங்களைத் திரும்பவும் எழுப்பிப் போடுவினமோ, தம்பி?" என்று கேட்டார். சேர் என்று சொல்லவில்லை. நாற்பத்து மூன்று வீடு, புதிதாகக் கட்டிய கோயில், நட்டு ஆறு வருடமான தென்னங்கன்றுகள். எல்லாம் என் அரை மணித்தியாலத்துப் பொய்யின் மேல் நிற்கின்றன. "ஊரின்ர பேர் எழுதின ஏதும் பழைய கடதாசி இருக்கோ அம்மா?" என்று கெஞ்சினேன்.

"சைக்கிள் லைசென்ஸ் போதுமோ?" என்றார்.

அத்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வருடாவருடம் கிராமச்சபையில் லைசென்ஸ் எடுக்கவேண்டும். மேரி ரோஸ் அம்மாவின் மாமனார் ஒருதரம் லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டு, சபை வாசலில் வெயிலில் நின்றாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் லைசென்ஸ் என்றால் பயபக்தி. 1954 தொடங்கி 1980 வரை இருபத்தேழு துண்டுகள், ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள். ஒவ்வொன்றிலும் சபையின் முத்திரை, ஒவ்வொன்றிலும் "கண்டல்முனை". 1990இல் வள்ளத்தில் ஏறும்போது தையல் மெசினை விட்டுவிட்டார்கள், சைக்கிளையும் விட்டுவிட்டார்கள், லைசென்ஸைக் கொண்டுபோனார்கள். "ஏனம்மா?" என்றேன். "அங்க பொலிஸ் மறிச்சாக் காட்ட வேணுமெல்லோ" என்றார். "சைக்கிள் இல்லையே?" "அதுக்கு? லைசென்ஸ் இருக்கே." மண்டபம் முகாமில் இருபது வருடம், எலிக்கும் மழைக்கும் தப்பி அந்தப் பேணி இருந்திருக்கிறது. ஹமீதா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். நான் அழுதுவிட்டேன், வெளியே சொல்லவேண்டாம்.

அரசனும் வேண்டாம், கப்டனும் வேண்டாம், சைக்கிள் ஓடிய சனம் போதும். முப்பத்து நான்கு பக்க அறிக்கை, அறுபத்தொரு அடிக்குறிப்பு. கப்டன் அல்பேட்டுஸ் கற்பனை என்றும், கற்பனை பண்ணியவன் நானே என்றும் ஒளிக்காமல் எழுதி, லைசென்ஸ்களைப் பின்னிணைப்பாக வைத்து, குழுவுக்கு அனுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உண்மையான வரலாறு இதுதான். முடிவு இந்தக் கிழமை வரும். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. உண்மை தன் காலில் நிற்கும். பெரியவருக்குப் பயந்து கூட்டை நிரப்பும் உத்தியோகத்தன் செத்துவிட்டான், ஆதாரத்தோடு பேசும் விரிவுரையாளன் எழும்பிவிட்டான். ஆகையால் அடுத்த ஞாயிறு தொலைபேசி எடுக்கும்போது, "அருளப்பன், நீ செய்தது சரி" என்ற நாலு சொற்களோடு எடுக்கும்படி மிகத் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டுமானால் இன்றிலிருந்து சொல்லிப் பழகவும்.

அக்காவிடம் கருவாட்டுப் பொட்டலம் வருகிறது என்று சொல்லவும். உங்கள் இருவருக்கும் தேக சுகத்தையும், உங்களுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையையும் மாதா தருவாராக.

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள (இந்தப் பழக்கமும் போகவில்லை) மைத்துனன்,
அருளப்பன்

பி.கு.: இதை மூடி ஒட்டுவதற்குள் குழுவின் கடிதம் வந்துவிட்டது. முதலில் நல்ல செய்தி: கண்டல்முனை பழைய ஊர்தான், சனம் அங்கேயே இருக்கலாம். மேரி ரோஸ் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், "தாயே" என்றார். காரணங்களைக் கீழே அப்படியே தருகிறேன். "சைக்கிள் லைசென்ஸ்கள் சைக்கிள் இருந்ததற்கு மட்டுமே சான்றாகும். கப்டன் அல்பேட்டுஸ் அவர்கள் கற்பனை என்ற விரிவுரையாளரின் கருத்து ஏற்கப்படவில்லை. பொறுப்புள்ள அதிகாரி கையொப்பமிட்ட அரச ஆவணத்தில் அவர் இருக்கிறார். மேற்படி ஆவணத்தைத் தாமே எழுதியதாக விரிவுரையாளர் கூறுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை." ஆக, கந்தோர் அருளப்பன் ஜெயித்தான், விரிவுரையாளர் அருளப்பன் தோற்றான். நீங்கள் மூன்று வருடமாகச் சொன்னது சரி. போதுமா?

இன்னொன்று. ஊர் வாசலில் கப்டனுக்குச் சிலை வைக்கிறார்கள். படம் வேண்டும் என்று சீவரத்தினம் வந்து நின்றார். உங்கள் கல்யாணத்தில் கோட்டும் தொப்பியும் போட்டு எடுத்த படம்தான் கையில் கிடைத்தது, கொடுத்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறு கழித்துத் திறப்பு விழா, நண்டுக்கறி உண்டு, நீங்கள் கட்டாயம் வரவேண்டும். உப்பு எப்படி என்று ஊர் முழுக்க உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே திரும்பப் பஸ் பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். மூன்று நாள் தங்கத்தான் வேண்டும். கோவையில் அப்படித்தான் இருக்கிறது.