வரிசையில் நிற்காத இருவரும் தேவாங்கு வரைந்த படமும்

ஒரு காட்டில் அந்தக் கோடைக்கு வற்றாமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு குளம். கரைப் பாறையில் புலி ராஜா படுத்திருந்தார். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. குளம் எல்லோருக்கும் பொது, ஒரு குழு போட்டு அளந்து ஊற்ற வேண்டும் என்பவர்கள் கரடியார் தலைமையில் இடது வரிசை. கரை யாருடையதோ குளமும் அவர்களுடையது, மற்றவர்கள் பழைய வழக்கப்படி வாலை மடக்கிக் காத்திருக்க வேண்டும் என்பவர்கள் காட்டெருமையார் தலைமையில் வலது வரிசை. இரண்டு வரிசையும் நாள் முழுக்க ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்ததால், நடுவில் புலி ராஜா இறங்கிக் குளித்துவிட்டுப் போவதை யாரும் கவனிக்கவில்லை.

வரிசையைச் சரிபார்க்கும் வேலை இசக்கிமுத்து என்ற தேவாங்குக்குக் கிடைத்திருந்தது. தேவாங்குக் குலத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் அவன்தான். அவன் குலத்தார் மரத்தைவிட்டு இறங்கி, அடிமேல் அடி வைத்துக் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் வரிசை முடிந்துவிடும். இலையில் ஒட்டிய பனியை நக்கியே தலைமுறைகள் ஓடிவிட்டன. இந்த வேலையில் இருந்தால் வீட்டுக்குத் தினமும் ஒரு சுரைக்குடுவை தண்ணீர் உண்டு. அவன் அம்மா மரப்பொந்தில் நாக்கு வறண்டு படுத்திருந்தாள். ஆனால் வேலை தற்காலிகம்தான். வரிசைக்கு வெளியே யாராவது நின்றால் அவன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று புலி ராஜா முதலிலேயே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இசக்கிமுத்துவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஒருநாள் காலை, முள்ளம்பன்றி ஆவுடையப்பனும் கீரி மாடத்தியும் வந்து இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றார்கள்.

ஆவுடையப்பனின் கொள்கை சுருக்கமானது. என் வளை எனக்கு, என் கிழங்கு எனக்கு, என்னை யாரும் ஆள வேண்டாம். நம்ம ஆள் என்று வலது வரிசை இடம் விட்டது. போய் நின்றதும், விடிந்தால் ராஜாவுக்குக் கும்பிடு போட வேண்டும், முள்ளம்பன்றி முள்ளம்பன்றியைத்தான் கட்ட வேண்டும் என்று காட்டெருமையார் சட்டம் சொன்னார். “நான் பெருச்சாளியைக் கட்டினால் உமக்கு என்ன வே?” என்று கேட்டுவிட்டு ஆவுடையப்பன் வெளியே வந்துவிட்டார். இந்தப் பதிலைக் கேட்டு மகிழ்ந்த இடது வரிசை அவரை அன்போடு அழைத்து, கிழங்கையெல்லாம் பொதுக்குவியலில் போடச் சொன்னது. அங்கிருந்தும் வந்துவிட்டார்.

மாடத்திக்கு ராஜாவும் வேண்டாம், வேலியும் வேண்டாம். இருப்பதைக் கூடிப் பேசிப் பகிர்ந்துகொள்ளலாம் என்பாள். இடது வரிசை அவளைக் கொண்டாடியது. புலி போன பிறகு அந்தப் பாறையில் யார் உட்காருவார்கள் என்று அவள் கேட்டாள். கரடியார் தொண்டையைச் செருமி, கொஞ்ச காலத்துக்கு மட்டும் தான் உட்காரப் போவதாகச் சொன்னார். மாடத்தி வெளியே வந்துவிட்டாள். கரடியைப் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் வரலாம் என்று வலது வரிசை கூப்பிட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இசக்கிமுத்து இருவர் முன்னாலும் வந்து நின்றான். “அண்ணாச்சி, ரெண்டு பேருக்குமே ராஜா வேண்டாம். சேர்ந்து ஒரு பக்கமா நின்னுடுங்களேன்” என்று கெஞ்சினான்.

“இவள் பக்கத்திலயா? நான் அசந்த நேரம் என் வளைக்குள்ள ஊரையே குடி வச்சிருவா.”

“ராஜா இல்லாட்டி உங்க வளைக்கு யாரு காவல் அண்ணே?” என்றாள் மாடத்தி.

“என் முள்ளு.”

“முள்ளு இல்லாதவங்க?”

“கூலிக்கு ஆள் வச்சுக்கட்டும்.”

“அந்தக் கூலிக்காரன் ஒருநாள் பாறைமேல ஏறி உட்கார்ந்துட்டா, அவன் பேரு புலிதானே அண்ணே?”

ஆவுடையப்பனின் முள் சிலிர்த்தது. “நீங்க கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள குளமே வத்திரும், போ” என்றார்.

வெயில் ஏற ஏற இசக்கிமுத்து யோசித்தான். அவன் மரத்தில் பிறந்தவன். இடம், வலம் எல்லாம் தரையில் நடப்பவர்களின் கவலை. அவனுக்கு உலகம் மேலும் கீழும்தான். சட்டென்று ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் குறுக்கே ஒரு கோடு போட்டான். அதை வெட்டி நெட்டாக இன்னொரு கோடு போட்டான். குறுக்குக் கோடு, தண்ணீர் யாருக்கு என்பதற்கு. நெட்டுக் கோடு, மரம்போல, ராஜா எவ்வளவு வேண்டும் என்பதற்கு; மேலே ஏற ஏற ராஜா குறைவார். சுதந்திரவாதியான ஆவுடையப்பனை வலப்பக்க உச்சிக் கிளையில் வைத்தான். அரசின்மைவாதியான மாடத்தியை இடப்பக்க உச்சிக் கிளையில் வைத்தான். இருவரும் கச்சிதமாக உட்கார்ந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் படிப்பு உதவியதாக அவனுக்குத் தோன்றியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான பிள்ளை, மற்றவர்களையும் வரைந்தான். கரடியாரும் காட்டெருமையாரும் மரத்தின் அடியில் வந்தார்கள், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அவர்களுக்கு நடுவில் புலி ராஜா.

எட்டிப் பார்த்த கரடியாருக்கு மூச்சு முட்டியது. “என்னையும் இந்த மாட்டையும் ஒரே மட்டத்திலயா வச்சிருக்க?” காட்டெருமையாரும் அதையே கேட்டார். உச்சிக் கிளையில் இருக்கும் இருவரும் வலதுசாரியின் கைக்கூலிகள் என்று இடது வரிசை சொன்னது. இடதுசாரியின் கைக்கூலிகள் என்று வலது வரிசை சொன்னது. தேவாங்கைத் துரத்த வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு வரிசையும் ஒன்றாகிக் கலைந்து அவனைச் சூழ்ந்தன. அந்தச் சந்தடியில் ஆவுடையப்பனும் மாடத்தியும் காலியாகக் கிடந்த கரையில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போய்விட்டார்கள்.

புலி ராஜா எழுந்து வந்தார். கூட்டம் விலகியது. படத்தை நிதானமாகப் பார்த்தார். இடதும் வலதும் தன் இரு பக்கமும், தனக்குச் சம தூரத்தில் இருப்பதைப் பார்த்தார். மீசை துடித்தது.

“யார் சொல்லி வரைஞ்ச?”

“யாரும் சொல்லலை ஐயா. யோசிச்சேன்.” அம்மாவின் வறண்ட நாக்கு நினைவுக்கு வந்தது.

“படம் ரொம்பச் சரி,” என்றார் புலி ராஜா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “அதனாலதான் அழிக்கச் சொல்றேன்.”

இசக்கிமுத்து தன் கோடுகளை ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் மண்ணைத் தேய்த்தான். தேவாங்கு அவ்வளவு வேகமாக எதையும் செய்து அந்தக் காடு பார்த்ததில்லை. நிமிர்ந்து, நடுவில் நின்றுவிட்டுப் போன இருவரும் வலதுசாரிகள் என்று இடது வரிசையிடம் அறிவித்தான். அப்படியே திரும்பி, இடதுசாரிகள் என்று வலது வரிசையிடம் அறிவித்தான். இரண்டு வரிசையும் கைதட்டிவிட்டு, பழைய இடத்தில் நின்று ஏசத் தொடங்கின. புலி ராஜா குளிக்க இறங்கினார்.

அன்று மாலை அவன் அம்மா குடுவையை வாயிலிருந்து எடுக்காமல் குடித்தாள். மகன் படித்தது வீண் போகவில்லை என்றாள்.

நீதி: சரியான படம் வரையத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும், அதைச் சரியான நேரத்தில் அழிக்கத் தெரிந்தவருக்கே அது நிரந்தரமாகும்.