காற்று வீசாத நேரத்துக் கரண்ட்

'மேன்மைதங்கிய சமூகத்தின் மேலான கவனத்திற்கு' என்று பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் திருப்புலி நாட்டு மலைக்கிராமங்களில் நான் ஒருவன்தான். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

என் பெண்டாட்டி சுகுணா மாவு மில் நடத்துகிறாள். வெள்ளிக்கிழமை ஆடி நோம்பிப் பண்டிகை. ஊரார் அரைக்கக் கொடுத்த கேழ்வரகு ஒன்பது மூட்டை மில்லில் கிடக்க, மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. "நோம்பிக்கு மாவு குடுக்கலைன்னா ஊர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்றாள். உடனே மனு எழுதினேன். நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

கரண்ட் ஆபீஸ் அருள்மொழி மேடம் பொறுமையாகப் படித்தார்.

"நாட்டுல கரண்டுக்குப் பஞ்சமில்லீங்க. தெக்க காத்தாடி சுத்துது, வடக்க சோலார் தகடு காயுது. பெரிய பெரிய கோபுரத்துல ஏறி, நூத்துக்கணக்கான மைல் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் ஒழுங்கா வந்துருது. மேல ஏறுனா சில பேரு தோட்டத்து மரம் காத்துல கம்பிய உரசுது. லைன் நின்னுருது."

"எந்தப் புண்ணியவானுங்க அது? புடிச்சு உள்ள போட வேண்டியதுதானுங்களே?"

மேடம் பழைய காகிதம் ஒன்றை நீட்டினார். மிளகுக்கொடி ஏறிய மரத்தில் ஓர் இலையைக்கூடத் தொடக்கூடாது என்று போன வருசம் நாங்கள் கொடுத்த மனு. அதே நாற்பது பேர். முதல் கையெழுத்து என்னுடையது. நடை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே ஆணை வந்தது. 'பொதுமக்களின் இரு கோரிக்கைகளும் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு முழுமையாக ஏற்கப்பட்டன. மரம் வெட்டப்படமாட்டாது. காற்று வீசாத நேரங்களில் தடையற்ற மின்சாரம் வழங்கப்படும்.' லேமினேட் பண்ணி மில்லில் மாட்டினேன்.

வியாழக்கிழமை காற்று நின்றது. கரண்ட் வந்து அரை மூட்டை அரைபட்டது. அப்புறம் போய்விட்டது. போன் போட்டேன்.

"காத்துதான் நின்னுபோச்சுங்களே" என்றார் மேடம். "தெக்க காத்தாடி சுத்தலீங்க. பத்தாக்குறை."

சுகுணா அரிவாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "நம்ம தோட்டத்து மரத்துல ஒரே ஒரு கெளைங்க."

"இப்பத்தான் கொடி பூ விட்டிருக்குது புள்ள. மத்தவிங்க வெட்டட்டும், நானும் வெட்டறேன்."

மாவு கேட்டு வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் பதறிப்போனார். "நீங்க மொதல்ல வெட்டுங்க. அப்பறம் நாங்க யோசிக்கறோம்."

சுகுணா மீதி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, மில்லுக்காரியே மாவு அரைக்க மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி அடிவாரத்துக்குப் போனாள். ஊர் மானம் காப்பாற்றப்பட்டது. நோம்பியன்று நாற்பது பேரும் களி தின்றுகொண்டே மூன்றாவது மனுவில் கையெழுத்துப் போட்டோம். யார் தோட்டத்து மேலும் போகாமல் கம்பியைக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டிருந்தேன். இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்த நடை.

நாற்பத்தோராவதாகச் சுகுணாவிடம் நீட்டினேன். அவள் அடிவாரத்திலேயே மில்லுக்கு இடம் பார்த்துவிட்டாளாம். அங்கே மரம் எதுவும் இல்லையாம், மனு எழுதுகிறவனும் இல்லையாம்.